ஒலிவத் தோட்டத்தில் எனக்கு வந்த தூக்கம்

தூக்கமே வராதவனுக்குத் தூங்குகிற வேஷம் கொடுத்தார்கள். போன வருடத் தவக்காலத்தில் எனக்கு நடந்ததை இந்த ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் ஆண்டவர் அதில் எந்த இடத்தில் நின்றார் என்பது தெரியாமல் போய்விடும். எனக்கே அது இன்னும் முழுசாக விளங்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம் பங்கு மக்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கேதான் இருந்தீர்கள். நான் எங்காவது தப்பாகச் சொன்னால் தாராளமாகத் திருத்துங்கள்.

என் பெயர் சவரிமுத்து. மல்லசமுத்திரம் பக்கம் வீடு. மீசை முளைத்த நாளிலிருந்து ரிக் வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியைத்தான் ரிக் என்போம். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வெளியூரில் கிடப்போம். ஒரு வண்டி துளை போடும், பக்கத்து வண்டியில் கம்ப்ரஸர் ஓடும். அந்தச் சத்தத்தில் எதிரில் நிற்பவன் பேசுவது கேட்காது, கை ஜாடைதான். நம் முறை முடிந்ததும் அதே கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துத் தூங்க வேண்டும். சேர்ந்த புதிதில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கூட இருந்த ஒருவன், இதை இழுத்துவிட்டுப் படு, கல் மாதிரி தூங்குவாய் என்றான். இழுத்தேன், தூங்கினேன். கஞ்சா என்னிடம் வந்தது அப்படித்தான். ஜாலிக்காக ஆரம்பித்தோம் என்று பலர் சொல்வார்கள். நான் தூக்கத்துக்காக ஆரம்பித்தவன். வருடங்கள் போகப் போக, அது இல்லாமல் கண்ணை மூடுவது எப்படி என்பதே எனக்கு மறந்துவிட்டது.

விட்டதற்குக் காரணம் மாதுவின் விரல்கள். மாது, துளைக்குள் இறக்குகிற இரும்பு ராடுகளை என்னோடு நின்று மாற்றுகிறவன். போன வருடம் பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள், நிறுத்து என்று அவன் கையைக் காட்டினான். பார்த்தேன். பார்த்தது புத்திக்குப் போய்ச் சேர்வதற்குள் லீவரை இறக்கிவிட்டேன். ராடு அவன் விரல்களை உரசிக்கொண்டு இறங்கியது. விரல்கள் தப்பின. அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவன் விரல் மடக்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

அன்றைக்கே கையிலிருந்ததைக் கொட்டிவிட்டு ஊருக்கு ரயில் ஏறினேன். முதலாளியிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"அது இல்லாம நல்லாத் தூங்கி எந்திரிச்சு வா சவரி. அப்பறம் லீவரத் தொடு. ஈஸ்டர் முடியட்டும். வேல எங்கயும் ஓடிப் போவாது" என்றார்.

நியாயமான பேச்சு. போதையில் இருப்பவன் லீவரைத் தொட்டால் ஒருவன் கை போகும். தூங்காதவன் தொட்டாலும் அதேதான். ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. புகை இல்லாத தூக்கம். அது கிடைத்தால் எனக்கு வேலை, ரீட்டாவுக்கு ஒரு புருஷன். கிடைக்காவிட்டால் நான் திரும்ப எங்கே போய் நிற்பேன் என்று எனக்கே தெரியும்.

ரீட்டா என் மனைவி. வீட்டில் தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறாள். நான் வீட்டுக்கு வந்த மறுநாளே அந்த மெஷின் சத்தம் கேட்டு எனக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது பாருங்கள், மெஷினைத் தூக்கித் தெருவில் போட்டுவிடுவேன் போலிருந்தது. அவள் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். குக்கர் விசில் அடித்தால் கோபம். யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் கோபம். அடுத்த நிமிடமே டிவியில் ஒரு சோப்பு விளம்பரத்தில் குழந்தை சிரிப்பதைப் பார்த்து அழுகை. ரசம் வெந்நீர் மாதிரி இருந்தது, கறிக்குழம்பும் வெந்நீர் மாதிரி இருந்தது. நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பனியன் பிழிகிற அளவுக்கு வேர்க்கும். கை நடுங்கும். படுத்தால் கால் நிற்காது, சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். தூக்கம் மட்டும் வராது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு புத்தி உண்டு. எது கெட்டுப்போனாலும் பிரித்துப் பார்க்க வேண்டும். டார்ச் லைட், அப்பாவின் கைக்கடிகாரம், முதலாளியின் பம்பு எல்லாம் பிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது கெட்டது என் உடம்பு. பிரிக்க முடியாது. சரி, பார்க்கவாவது செய்வோம் என்று உட்கார்ந்து பார்த்தேன். வேர்வை எப்போது வருகிறது, கோபத்துக்கு முன்னாலா பின்னாலா, நடுக்கம் எந்தக் கையில் அதிகம் என்று கவனித்தேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், நிஜமாகச் சொல்கிறேன், அதில் ஒரு வேடிக்கையும் இருந்தது.

எல்லாவற்றையும்விட வேடிக்கை கனவுகள். பல வருடங்களாக எனக்குக் கனவே வந்ததில்லை. மற்றவர்கள் சொல்லும்போது கதை அளக்கிறார்கள் என்றே நினைப்பேன். இப்போது பகலில் உட்கார்ந்தபடி ஒரு நொடி கண் அசந்தால் போதும், சினிமாப் படம் மாதிரி ஓடியது. ஒரு கனவில் நம் கோயில் பீடத்துக்கு முன்னால் போர் போடுகிறேன். தண்ணீருக்குப் பதிலாக முட்டை வருகிறது. ஒன்றுகூட உடையாமல், வெள்ளை வெள்ளையாக. பங்குத்தந்தை ஓடி ஓடி அட்டையில் அடுக்குகிறார். திடுக்கிட்டு விழித்தேன். இதற்கு என்ன அர்த்தம் என்று ரீட்டாவைக் கேட்டேன். நாமக்கல் பக்கம் கட்டிக்கொடுத்தால் கனவிலும் முட்டைதான் வரும் போலிருக்கிறது என்றாள். அவள் கெங்கவல்லிக்காரி.

அவளே என்னைச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். சின்ன வயதுப் பெண். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். வேர்வை எதற்கு, அழுகை எதற்கு, நாக்குக்கு என்ன ஆயிற்று, இத்தனை கனவு இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று. அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் சிரித்துவிட்டு, நீங்கள் மெக்கானிக்கா என்று கேட்டார். கனவை அந்தப் புகை இத்தனை வருடம் அமுக்கி வைத்திருந்தது, இப்போது மூடியைத் திறந்ததும் பொங்கி வருகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். மதியத்துக்கு மேல் டீ குடிக்காதீர்கள், தினமும் நடங்கள், ஒரே நேரத்துக்குப் படுங்கள், தாங்க முடியாமல் போனால் தள்ளிப்போடாமல் வாருங்கள் என்றார். கிளம்பும்போது அவர் சொன்ன ஒன்று மட்டும் எனக்கு இடித்தது.

"எல்லாம் ஒவ்வொண்ணா அடங்கும். தூக்கம்தான் கடைசியா வரும். அது வர்ற வரைக்கும் தாக்குப்பிடிச்சிருங்க."

அந்தக் கடைசி எப்போது என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், சில வாரங்கள் ஆகலாம் என்றார்.

இந்த நிலைமையில்தான் திருநீற்றுப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் நடந்த கூத்துதான் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் சோறு தின்னவில்லை, தின்ன முடியவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. தாடி எடுக்கக் கை நடுங்கியதால் தாடி வளர்ந்தது. சிலுவைப்பாதையில் முதல் நிலையிலேயே கண்ணீர் கொட்டியது. இதையெல்லாம் நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, சவரி இந்த வருடம் கடுமையான நோன்பில் இருக்கிறான் என்று முடிவு கட்டினீர்கள். தெருவில் ஒன்றாகக் கூடிச் செபிக்கிற நம் அன்பியத்துப் பெண்கள் ரீட்டாவிடம் வந்து, உன் வீட்டுக்காரரைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர்களும் திருந்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரிக்கில் இருந்த வருடங்களில் பெரிய வெள்ளியன்றே பிரியாணி தின்றவன் நான். அன்றைக்கு உங்களிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். அது நோன்பு இல்லை.

ரீட்டா மட்டும் விடவில்லை. "ஊரே சேந்து உங்களப் புனிதராக்கிப்போடும் போலிருக்குதுங்க. ரெண்டு வாய் ரசஞ்சோத்தத் தின்னுபோட்டு அப்பறமாப் புனிதராவுங்க" என்பாள்.

கோயில் காரியங்களைப் பார்க்கும் நம் உபதேசியாரும் அப்படித்தான் நினைத்துவிட்டார். நம் பங்கில் ஒவ்வொரு வருடமும் பெரிய வெள்ளியன்று பொழுது சாய ஆரம்பிக்கும் பாஸ்கா நாடகத்தை, ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் நாடகத்தை, நடத்துகிறவர் அவர். ஒரு நாள் சாயந்தரம் வீட்டுக்கு வந்தார். யாக்கோபுவாக நடிப்பவர் திருப்பூர் போய்விட்டாராம். இந்தத் தவக்காலத்தில் நீ இருக்கிற இருப்பைப் பார்த்தபின் உன்னை விட மனம் வரவில்லை என்றார். எனக்கு வசனம் மனப்பாடம் ஆகாது என்று நழுவப் பார்த்தேன்.

"வசனமே இல்லப்பா. ஒலிவத் தோட்டத்துல ஆண்டவர் செபம் பண்றப்ப மூணு சீடருங்க தூங்குவாங்க இல்ல, அதுல ஒருத்தன் நீ. படுத்துத் தூங்கோணும். அவ்வளவுதான் வேல" என்றார்.

சமையலறையில் ரீட்டா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாரக்கணக்கில் சிரிக்காத சிரிப்பு. உபதேசியாருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரும் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இயேசுவாக நடிப்பது ரீட்டாவின் தம்பி அந்தோணி. அவன் இந்தப் பக்கமே வந்து தங்கி, ஒரு கோழிப் பண்ணையில் முட்டை லோடு ஏற்றுகிறவன். தீபாவளி முடிந்ததுமே முடி வளர்க்க ஆரம்பித்துவிடுவான். ஒத்திகை நடந்தது. நான் படுத்துக் கண்ணை மூடுவேன். கால் ஆடும். யாக்கோபு காலை ஆட்டக்கூடாது என்று உபதேசியார் அங்கிருந்து கத்துவார். அந்தோணி குனிந்து, "மாமா, கண்ண இறுக்கி மூடாதீங்க, பல்லு வலிக்காரராட்டம் இருக்குது" என்று காதில் சொல்வான். தூங்குவது மாதிரி நடிப்பதுகூட எனக்கு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அப்படிக் கண்ணை மூடிக் கிடந்ததில் ஒரு கேள்வி எனக்குள் புகுந்துகொண்டது. மறுநாள் சிலுவை என்று தெரிந்து, கூப்பிடு தூரத்தில் ஆண்டவர் துடித்துக்கொண்டிருக்கிறார். இந்த மூன்று பேரால் எப்படித் தூங்க முடிந்தது? சின்ன வயதிலிருந்து அந்தக் காட்சியில் எனக்கு அவர்கள் மேல் கோபம்தான் வரும். இப்போது பொறாமை வந்தது. அப்புறம் ஆண்டவரைப் பற்றி யோசித்தேன். அந்த இரவு அவரும் தூங்கவில்லை. அவருக்கும் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. துணைக்கு ஆள் வேண்டும் என்று திரும்பத் திரும்ப வந்து பார்த்திருக்கிறார். அப்படியென்றால் என் பனியன் நனைவது எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். நான் யாக்கோபு வேஷத்தில் கிடந்துகொண்டு அவரைத்தான் அதிகமாகப் புரிந்துகொண்டேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. தூக்கம் வந்ததா என்றால் வரவில்லை. செபமாலை சொல்லிப் பார்த்தேன். அதில் ஐந்து தேவ இரகசியங்கள், ஊரில் எல்லோரும் மூன்றாவதிலேயே கொட்டாவி விடுவார்கள். நான் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தேன்.

குருத்து ஞாயிறு முடிந்து நடந்த ஒத்திகையில் ஒரு சண்டை வந்தது. இதைக் கவனமாகக் கேளுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது. மேடை விளக்குக்கும் மைக்குக்கும் வாடகை ஜெனரேட்டர் வைப்பார்கள். சத்தம் வசனத்தை அமுக்கிவிடக்கூடாது என்று அதைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிறுத்தி, நீளமாகக் கேபிள் இழுப்பதுதான் வழக்கம். அன்றைக்கு எல்லா விளக்கையும் போட்டதும் வெளிச்சம் மங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். இத்தனை நீளம் கேபிள் இழுத்தால் கரண்ட் இறங்காமல் என்ன செய்யும், இது தெரியாமல் இத்தனை வருடம் நாடகம் போட்டீர்களா என்று கத்தினேன். அந்தோணி சமாதானம் சொல்ல வந்தான். நீ இயேசு வேஷம் போட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா என்று எல்லோர் முன்னாலும் அவனைக் கேட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. என்னோடு மல்லுக்கட்ட யாருக்கும் தெம்பில்லை. என் இஷ்டப்படியே ஜெனரேட்டரை மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். இடம் இருந்தது ஒரே இடத்தில்தான். ஒலிவத் தோட்டத்துக்காகப் புங்கங்கிளைகளை நட்டு வைத்திருந்தோமே, அதற்கு நேர் பின்னால். நடுவில் ஒரு தென்னங்கீற்றுத் தட்டி மட்டும்.

அந்தோணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, என் மேலேயே வெறுப்பாக இருந்தது. புகையை விட்டும் நான் மனிதனாகவில்லையே என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போனேன். முழந்தாள் போடக்கூட இல்லை. நின்றபடியே சொன்னேன். ஆண்டவரே, ஈஸ்டருக்குள் எனக்கு ஒரு தூக்கம் கொடுங்கள். ஒன்றே ஒன்று போதும். இல்லையென்றால் நான் என் வழியைப் பார்த்துக்கொள்கிறேன், என்னைக் குறை சொல்லாதீர்கள். இதுதான் என் செபம். செபம் என்பதைவிட மிரட்டல் என்பதுதான் சரி. அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கவும் இல்லை. வெளியே வந்ததும், இந்தப் பக்கம் கஞ்சா விற்கிற ஒரு ஆளுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம் கூப்பிடுகிறேன், வந்து வாங்கிக்கொள் என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. கோயிலில் எல்லோரும் சிலுவையை முத்தமிடும் சிலுவை முத்தி முடிந்தது. பொழுது சாய்ந்ததும் நாடகம் ஆரம்பித்தது. எனக்கு ரீட்டாவே அங்கி தைத்திருந்தாள். அதில் பை கிடையாது. யாக்கோபுவுக்கு எதற்குங்க போன் என்று சொல்லி என் போனை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் அந்த ஆள் அதில்தான் கூப்பிடுவான். கேட்டு வாங்கினால் காரணம் சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன்.

கடைசி இராவுணவு முடிந்து தோட்டத்துக்கு வந்தோம். காய்ந்த சோளத்தட்டு பரப்பி, மேலே பாய் போட்டிருந்தார்கள். படுத்தேன். புங்க இலை வாசனை. தட்டிக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடியது. அதன் சத்தம் காதில் கேட்டதைவிட முதுகில்தான் அதிகமாகத் தெரிந்தது. தரை மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் டீசல் வாடை. எங்கேயோ பழகிய இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. கால் ஆடவில்லையே என்று ஒரு யோசனை வந்தது. அது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

ஆகவே என் சாட்சியில் முக்கியமான இடத்தை நான் பார்க்கவில்லை. இனி சொல்வதெல்லாம் நான் ஒவ்வொருவராக விசாரித்துத் தெரிந்துகொண்டது.

அந்தோணி செபம் செய்துவிட்டு முதல் முறை வந்தான். பேதுருவைத் தட்டினான், எழுந்தார். என்னைத் தட்டினான். மாமா, எந்திரிங்க என்று மெதுவாகச் சொன்னானாம். நான் அசையவில்லை. நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் இரண்டாம் முறை செபம் செய்துகொண்டிருக்கும்போது குறட்டை ஆரம்பித்தது. எனக்கு மேலே ஒரு கிளையில் மைக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜெனரேட்டர் சத்தத்தையும் தாண்டி என் குறட்டை ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. உபதேசியார் திரைக்குப் பக்கத்திலிருந்து, தண்ணீர் ஊற்று, தண்ணீர் ஊற்று என்று ஜாடை காட்டினாராம்.

கூட்டத்தில் ரீட்டா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குறட்டையை அவள் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. எழுந்து நின்று, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அந்தோணி மேடையிலிருந்து தன் அக்காவைப் பார்த்திருக்கிறான். வீட்டில் நடப்பது எல்லாம் அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் முறை வந்தபோது, சீடர்களை எழுப்பிக் கடிந்துகொள்ள வேண்டும். உபதேசியார் எழுதிக்கொடுத்திருந்தது அப்படித்தான். அந்தோணி கடிந்துகொள்ளவில்லை. தோளில் கிடந்த சிவப்புச் சால்வையை எடுத்தான். குனிந்து எனக்குப் போர்த்திவிட்டான். கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து, தன் வசனக் குரலிலேயே சொன்னான்.

"இவன் உறங்கட்டும். ஒருவரும் எழுப்ப வேண்டாம்."

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்து போர்ச்சேவகர்கள் கத்திக்கொண்டு ஓடிவர வேண்டும். இந்த முறை அடிமேல் அடி வைத்து வந்தார்களாம். யூதாஸ் சத்தமில்லாமல் முத்தமிட்டான். பேதுரு வாளை ஓசைப்படாமல் உருவினார். ஆண்டவரைக் கைது செய்து கூட்டிப்போனார்கள், எல்லாம் கிசுகிசுவென்று. இத்தனை வருடத்தில் அந்தக் காட்சியில் நாங்கள் அழுதது அன்றைக்குத்தான் என்று நம் அன்பியத்தில் பலர் என்னிடம் சொன்னீர்கள். பிலாத்துவின் அரண்மனை, கல்வாரி எல்லாம் நடந்தது. நான் எதற்கும் எழவில்லை. முடிந்த பிறகு நான்கு சேவகர்கள் என்னைப் பாயோடு தூக்கிக் கோயில் தாழ்வாரத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

நான் கண் விழித்தபோது சனிக்கிழமை மத்தியானம் தாண்டியிருந்தது. மேலே அந்தச் சிவப்புச் சால்வை. பக்கத்தில் ரீட்டா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்கே இருக்கிறேன் என்று கேட்டேன். அவள் தூக்குப்போசியைத் திறந்து ரசஞ்சோறு போட்டாள். ஒரு வாய் வைத்தேன். மிளகு உறைத்தது. நாக்கில் மிளகு உறைத்தது ஐயா. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இந்த அழுகை சோப்பு விளம்பரத்து அழுகை இல்லை.

பாதிச் சோற்றில் எனக்கு அந்த ஆளின் நினைவு வந்தது. போனில் யாராவது கூப்பிட்டார்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒருத்தர் கூப்பிட்டாருங்க. பேர் சொல்லல. அவுங்க தூங்கறாங்கன்னு சொன்னேன். எப்ப எந்திரிப்பாருன்னு கேட்டாரு. தெரியலீங்க, எழுப்பற எண்ணமும் இல்லீங்கன்னு சொல்லி வெச்சுப்போட்டேன்."

அந்த ஆள் யார் என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நானே சொல்லிவிட்டேன், செபத்தில் மிரட்டியது முதற்கொண்டு. கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றாள். சோறு கேட்டேன். அந்த நம்பரை அவளே அழித்தாள்.

அந்தோணியைப் போய்ப் பார்த்தேன். ஒத்திகையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் முட்டை அட்டையை இறக்கி வைத்துவிட்டு, ஏன் மாமா, நீங்க கத்துனது நல்லதாப் போச்சு, லைட்டு பளிச்சுனு எரிஞ்சுதில்ல என்றான்.

என் புத்தி சும்மா இருக்குமா? ஒலிவத் தோட்டம் இருந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். நான் படுத்த இடத்தையும் ஜெனரேட்டர் நின்ற இடத்தையும் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. ரிக்கில் இத்தனை வருடம் நான் தூங்கியது இரண்டு விஷயங்களோடு. ஒன்று புகை, இன்னொன்று கம்ப்ரஸர் சத்தம். என்னைத் தூங்க வைத்தது புகை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தமில்லாத வீட்டில் படுத்துக்கொண்டு தூக்கம் இல்லையே என்று புரண்டிருக்கிறேன். சேலத்து டாக்டரிடம் இதைச் சொன்னேன். இருக்கலாம், உடம்பு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், தூக்கம் திரும்பி வர வேண்டிய நாள் கணக்கும் சரியாக வந்திருக்கும், இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்றார்.

அப்படியானால் எனக்குத் தூக்கம் கொடுத்தது ஜெனரேட்டரா, ஆண்டவரா? இதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன், பல நாள். ஜெனரேட்டரை அங்கே கொண்டுவந்தது யார்? நான். எது கொண்டுவர வைத்தது? புகையை விட்டதால் வந்த அந்தப் பாழாய்ப்போன கோபம். யாக்கோபு வேஷம் எப்படி வந்தது? சோறு இறங்காத உடம்பைப் பார்த்து நீங்கள் நோன்பு என்று நினைத்ததால். எதையெல்லாம் என் வியாதி என்று நினைத்து அழுதேனோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து அவர் எனக்கு ஒரு படுக்கை விரித்திருக்கிறார். நான் இயந்திரம் தெரிந்தவன். இவ்வளவு கச்சிதமாக ஒரு வேலை தானாக நடந்து நான் பார்த்ததில்லை. நான் கண்டுகொண்டது இவ்வளவுதான். மிச்சத்தை அவரை நேரில் பார்க்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகும் சில நாள் தூக்கம் தள்ளிப்போனது. ரீட்டா தூக்கிப் போட வைத்திருந்த ஒரு பழைய ஃபேனை எடுத்து மாட்டினேன். அது கடகடவென்று ஓடும், நான் தூங்குவேன், அவள் தூங்க முடியாமல் என்னைத் திட்டுவாள். போகப் போக ஃபேனும் வேண்டியிருக்கவில்லை. தையல் மெஷின் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஈஸ்டர் கழித்து முதலாளியிடம் போனேன். தூங்கினாயா என்று கேட்டார்.

"ஊருக்கே கேட்டுதுங்க, மைக்குல" என்றேன்.

கதையைச் சொன்னதும் அவர் கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். அவர் திருச்செங்கோட்டு மலைக்கு நடந்து போகிறவர். உங்க சாமி நல்ல சாமியப்பா என்று சொல்லி லீவரைக் காட்டினார். மாது பக்கத்தில் நின்றான். இப்போது அவன் கை காட்டினால் நான் நிறுத்துகிறேன். அவனுடைய விரல்கள் அத்தனையும் இருக்கின்றன. ரிக்கில் என்னோடு இருக்கிறவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எனக்கு யாரும் அதை நீட்டுவதில்லை. அவர்களில் இரண்டு பேர் தனியாக வந்து, எப்படி விட்டாய் என்று கேட்டார்கள். இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

இந்த வருடமும் உபதேசியார் எனக்கு அதே வேஷம் கொடுத்திருக்கிறார். சால்வை போர்த்துவதையும் சேர்த்து எழுதிவிட்டார். போன வருடம் தண்ணீர் ஊற்றச் சொன்னதை அவர் ஒத்துக்கொள்வதே இல்லை. இப்போது நான் நடிக்க வேண்டியிருக்கிறது, அதுதான் சிரமமாக இருக்கிறது.

உங்களில் யார் வீட்டிலாவது ஒருவன் இதே மாதிரி விட்டுவிட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தால், அவனுடைய கோபத்தையும் அழுகையையும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வீட்டில் ஒளிக்காமல் பேசுங்கள். செபம் செய்யத் தெரியவில்லை என்றால் என்னை மாதிரி சண்டையாவது போடுங்கள், அவர் கோபித்துக்கொள்வதில்லை. எனக்கு நன்றி சொல்ல வேறு வார்த்தை தெரியாது. கூட இருங்கள் என்று கேட்டும் கூட இருக்காமல் தூங்கிவிட்டவன் நான். எனக்குப் போர்த்திவிட்டுத்தான் அவர் சிலுவைக்குப் போனார்.